ஓய்வூதியம் வந்தால் விபத்து இழப்பீடு குறையுமா? அரசு ஊழியர் குடும்பங்கள் கவனத்திற்கு

அரசுப் பணியில் இருப்பவர் சாலை விபத்தில் வஃபாத்தாகிவிட்டால், குடும்பத்தாருக்கு உடனே எழும் அச்சம் இது: மாதாமாதம் குடும்ப ஓய்வூதியம் வரப்போகிறதே, அதைக் காட்டி இழப்பீட்டைக் குறைத்துவிடுவார்களோ? இந்த அச்சத்தில் இன்சூரன்ஸ் தரப்பு சொல்லும் தொகைக்கு அவசரமாகச் சம்மதித்துவிடக் கூடாது.

ஹெலன் ரெபெல்லோ வழக்கில் 1998ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. குடும்ப ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு ஆகியவை இறந்தவர் உழைத்துச் சேர்த்தவை. அவர் நோயால் இறந்திருந்தாலும் அவை வரும். எனவே விபத்து இழப்பீட்டில் அவற்றைக் கழிக்க முடியாது. வாரிசுக்குக் கருணை அடிப்படையில் கிடைத்த வேலையின் சம்பளத்தையும் கழிக்கக் கூடாது என்று விமல் கன்வர் வழக்கில் (2013) தீர்ப்பானது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஹரியானாவில், இறந்த ஊழியரின் சம்பளத்தையே சில ஆண்டுகளுக்குக் குடும்பத்துக்குத் தொடர்ந்து கொடுக்கும் விதி இருந்தது. அதே சம்பள இழப்புக்கு இரண்டு இடத்தில் பணம் பெற முடியாது என்பதால், அந்தத் தொகையை மட்டும் கழிக்கலாம் என்று சசி சர்மா வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம் கூறியது. அப்போதும் ஓய்வூதியத்தில் கை வைக்கவில்லை.

சம்பளக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சம்பளச் சீட்டில் பி.எஃப்., கடன் தவணை எல்லாம் போக 'கைக்கு வந்த தொகை' கணக்கல்ல. மொத்தச் சம்பளத்தில் வருமான வரி போன்றவற்றை மட்டுமே கழிக்க வேண்டும். 40 வயதுக்காரர், வரி போக 50,000 ரூபாய் சம்பளம், மனைவி, இரு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 30 சதவீதம் சேர்த்தால் 65,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு போக 48,750. ஆண்டுக்கு 5,85,000. அதை 15ஆல் பெருக்கினால் 87,75,000 ரூபாய்.

பணியின்போது நேர்ந்த விபத்தென்றால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட வழியும் சிலருக்கு உண்டு. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2020 முதல் மாதம் 15,000 ரூபாய்தான் கணக்காக இருந்தது. அதில் பாதியை 184.17ஆல் பெருக்கினால், இதே 40 வயதுக்காரருக்கு 13,81,275 ரூபாய் மட்டுமே கிடைத்திருக்கும். அப்படியானால் அந்த வழி எதற்கு? யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பதே அதன் பலன். தவறு இறந்த ஓட்டுநருடையது என்றே வழக்குப் பதிவாகியிருந்தால், பெரும்பாலும் அதுதான் கைகொடுக்கும்.

வாரிசுரிமை பற்றியும் நம்மிடம் கேட்கிறார்கள். குடும்ப ஓய்வூதியம் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தல்ல, விதியில் சொல்லப்பட்டவருக்கே உரியது என வயலட் ஐசக் வழக்கில் (1991) உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டை யார் யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்பாயமே பிரித்துத் தரும், தாயின் பங்கு உட்பட. மார்க்க ரீதியான விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2022 ஏப்ரல் முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு சேர்க்கப்பட்டுள்ளது. இத்தா முடியட்டும் என்று காகிதங்களை ஒதுக்கி வைக்காமல், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, கடைசிச் சம்பளச் சான்று, பணிப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை வீட்டில் வேறொருவர் வாங்கத் தொடங்கிவிட வேண்டும்.