சர்ச்சில் தம்பதியர் சென்ற வழி: ஸ்காட்லாந்துக் கோட்டைப் பயணத்தின் முன்கதை

ஸ்காட்லாந்துக்குச் செல்லும் இணையர் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்கின்றனர். எடின்பரோவில் மகிழுந்தை வாடகைக்கு எடுப்பர். ஸ்டர்லிங், பிளேர், பால்மோரல் என வடக்கே ஏறுவர். இன்வர்னெஸைக் கடந்து டன்ராபின் வரை செல்வர். மூடுபனி, ஏரி, சிறுகோபுரம் வைத்த கல்மாளிகை, இடையிடையே ஒரு பழைய விடுதி. இந்தப் பயணம் இயற்கையாகவே அப்படி அமைந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் நடுவிலும் ஓர் இணையரே இருக்கின்றனர்: விக்டோரியா அரசியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும்.

மொழியியல் பயின்ற பழக்கத்தால் முதலில் ஒரு சொல்லில் நின்றுகொள்கிறேன். ஆங்கிலத்தில் 'காசில்' என்பதை நாம் தயக்கமின்றிக் 'கோட்டை' என்கிறோம். செஞ்சியையும் கோல்கொண்டாவையும் தௌலதாபாத்தையும் கண்ட கண்ணுக்குக் கோட்டை என்றால் மதில், அகழி, வாயில், உள்ளே ஓர் ஊர். ஸ்காட்லாந்தில் அந்த ஒரே சொல் எரிமலைப் பாறைமேல் அமர்ந்த எடின்பரோ அரணையும் குறிக்கும். ஒரு நிலக்கிழாரின் குடும்பம் வாழ்ந்த உயர்ந்த கோபுர வீட்டையும் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்கால ஓய்வுக்காகக் கட்டிய மாளிகையையும் குறிக்கும். பால்மோரல் இம்மூன்றாம் வகை. அதன் சிறுகோபுரங்களிலிருந்து எவரும் எவர்மீதும் அம்பெய்ததில்லை. தமிழின் 'அரண்மனை' என்ற சொல்லே அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது: அரணின் தோற்றம், மனையின் பயன்.

சாலைக்கும் இப்படியொரு பின்னணி உண்டு. 1715ஆம் ஆண்டின் யாக்கோபியக் கிளர்ச்சிக்குப் பின், மலைநாட்டைப் படைகளின் கைக்கெட்டும் தொலைவில் வைக்க வேண்டுமென்று 1725 முதல் ஜெனரல் வேட் சாலைகளையும் பாலங்களையும் அமைத்தார். அவருக்குப் பின் கோல்ஃபீல்டு அப்பணியைப் பன்மடங்கு விரித்தார். 1746இல் கல்லோடன் போரில் கிளர்ச்சி முறிந்தபின் பிரேமார், கோர்கார்ஃப் ஆகிய இரு பழைய கோபுர வீடுகளும் அரசுப் படையின் காவல்நிலைகளாயின. அவற்றைச் சுற்றி எழுந்த விண்மீன் வடிவ மதில்களை இன்றும் காணலாம். பால்மோரலுக்குச் செல்லும் இணையர் ஓட்டும் மலைச்சாலையின் பெரும்பகுதி அந்தப் படைச்சாலையின் தடத்தையே பின்பற்றுகிறது.

அடக்கப்பட்ட நாடு அழகிய நாடாக மாற ஒரு நூற்றாண்டு போதுமானதாக இருந்தது. 1746இல் சட்டத்தால் தடுக்கப்பட்ட மலைநாட்டு உடை 1782இல் விடுவிக்கப்பட்டது. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டில் அதே உடை அரசவிழாவின் அலங்காரமாயிற்று. விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் 1842இல் முதன்முறை வந்தனர். 1844இல் பிளேர் மாளிகையில் தங்கினர். 1847இல் லாகன் ஏரிக்கரையில் மழையில் நனைந்தனர். கீழ்த்திசையில் டீ ஆற்றுப் பள்ளத்தாக்கு வறண்டது, உடல்நலத்துக்கு ஏற்றது என்று அரச மருத்துவர் ஜேம்ஸ் கிளார்க் பரிந்துரைக்க, நேரில் பாராமலே பால்மோரலைக் குத்தகைக்கு எடுத்து 1848 செப்டம்பரில் வந்து சேர்ந்தனர். 1852இல் விலைக்கு வாங்கினர். 1853இல் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1856இல் பணி முடிந்தது. பழைய வீடு இடிக்கப்பட்டது. அபர்டீன் கட்டடக் கலைஞர் வில்லியம் ஸ்மித்தின் வரைபடத்தில் ஆல்பர்ட்டின் கை நிறையவே இருந்தது. பால்மோரலுக்கென்று தனியொரு கட்டத்துணி வடிவத்தைக்கூட அவரே வகுத்தார்.

இவ்விணையரின் பயணங்களில் எனக்கு மிகவும் சுவையானது 1860 செப்டம்பரில் நடந்தது. சர்ச்சில் பிரபுவும் அவர் மனைவியும் என்று வேறு பெயர் பூண்டு, மட்டக்குதிரையிலும் வாடகை வண்டியிலும் மலைகளைக் கடந்து, கிராண்டவுன் ஊரின் சாதாரண விடுதியில் இரவு தங்கினர். வேடம் அடிக்கடி கலையப் பார்த்தது: பணியாளர் பிரவுன், வண்டியேறும் அரசியை ஒருமுறை மறந்துபோய் 'மாட்சிமை தங்கிய' என்றே விளித்துவிட்டார். மறுநாள் வழியில் கண்ட கிராண்ட் மாளிகை தொழிற்சாலை போலிருக்கிறது என்று அரசி நாட்குறிப்பில் எழுதினார். அடுத்து வந்த டோமின்டவுல் ஊர் அவர் கண்ணுக்கு இடிந்து வறண்ட ஊராகத் தெரிந்தது. மலைநாட்டு வறுமை அந்த நாட்குறிப்பில் இப்படித்தான் வருகிறது, வண்டிச் சாளரத்தின் வழியே, ஒரு வாக்கியத்தின் நீளத்துக்கு. 1861 அக்டோபரில் டல்விண்ணி விடுதியில் இரவுணவுக்குத் தேநீரும் இரண்டு மெலிந்த கோழிகளும் மட்டுமே கிடைத்தன. உருளைக்கிழங்கு இல்லை என்பது அரசியின் குறை. பதினைந்தே ஆண்டுகளுக்கு முன், 1846இல், அந்தக் கிழங்கு அழுகியதால்தான் மேற்கு மலைநாடும் தீவுகளும் பஞ்சத்தில் வீழ்ந்தன.

மறுநாள் அவர்கள் பிளேரிலிருந்து கிளென் டில்ட் பள்ளத்தாக்கின் வழியே பால்மோரல் திரும்பினர். ஆதோல் கோமகன் தாமே வழிகாட்டினார். டார்ஃப் ஆற்றுத் துறையைக் குழலிசையோடு கடத்திவிட்டார். கார்ல் ஹாக் அக்காட்சியை ஓவியமாகத் தீட்டினார். கல்விப்புலத்தினராகிய நாம் நினைவில் கொள்ள வேண்டியது அதே பள்ளத்தாக்கில் 1847இல் நடந்ததை. எடின்பரோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹட்டன் பால்ஃபர் மாணவர்களுடன் செடி சேகரித்துக்கொண்டு அவ்வழியே வந்தபோது, இதே கோமகனும் அவர் ஆட்களும் மறித்துத் திரும்பிப் போகச் சொன்னார்கள். மான்வேட்டைக் காட்டில் பிறர் நடமாட்டம் கூடாதாம். பேராசிரியரும் மாணவர்களும் சுவரேறிக் குதித்துச் சென்றார்கள். பொதுவழி உரிமைக்கான சங்கம் வழக்குத் தொடுத்தது. இறுதியில் பாதை மக்களுக்கே நிலைத்தது. ஸ்காட்லாந்தின் நிலங்களிலும் நீர்களிலும் பொறுப்புடன் நடமாடும் உரிமையை 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் எல்லோருக்கும் வழங்குகிறது. இன்று முதுகுப்பையுடன் கிளென் டில்டில் நடக்கும் இணையர் பயன்படுத்துவது பால்ஃபரின் மாணவர்கள் விட்டுச்சென்ற வழி. பார்க்க வருவதோ அரசியார் எழுதிவைத்த காட்சி.

ஆல்பர்ட் 1861 டிசம்பரில் இறந்தார். மலைநாட்டு நாட்குறிப்பின் பகுதிகளை அவர் நினைவுக்கு உரிமையாக்கி விக்டோரியா 1868இல் நூலாக வெளியிட்டார். அது பெருவிற்பனை கண்டது. தாமஸ் குக் 1846லேயே ஸ்காட்லாந்துச் சுற்றுலாவைத் தொடங்கியிருந்தார்; 1866இல் இருப்புப்பாதை பாலட்டர் வரை வந்திருந்தது. வழி ஆயத்தமாக இருந்தது. அதில் எதைக் கண்டு நெகிழ வேண்டுமென்பதை நூல் கற்பித்தது.

நூலில் இடம்பெறாதவற்றுள் ஒன்று 1852இல் தொடங்கிய மலைநாடு மற்றும் தீவுகள் குடிபெயர்வுச் சங்கம். அவ்வாண்டில்தான் பால்மோரல் விலைக்கு வாங்கப்பட்டது. சங்கத்தின் புரவலர் ஆல்பர்ட். தலைமை வகித்தவர் சார்லஸ் டிரெவெல்யன். 1857க்குள் கிட்டத்தட்ட 5,000 பேரை அது ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தைக் கருவூலத்திலிருந்து நடத்திய அதே டிரெவெல்யன் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். மக்கட்பெருக்கமே நோய், குடிபெயர்வே மருந்து என்ற நம்பிக்கையைப் பேரரசின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சுமந்துசென்ற அதிகாரிகளின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.

வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஆல்னெஸ் அருகே ஃபைரிஷ் குன்றின் உச்சியில் வளைவுகள் கொண்ட ஒரு கல் அமைப்பு தெரியும். நொவார் பண்ணையின் உரிமையாளர் ஹெக்டர் மன்ரோ, 1781இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய படைத்தலைவர். அவ்வூர்க் கோட்டை வாயிலின் சாயலில் அதை எழுப்பினார். உள்ளூர் ஏழைகளுக்கு வேலை தருவதும் நோக்கம் என்பர். ஆனால் அவருடைய நிலத்தைச் சேர்ந்த கில்டெர்மோரியிலேயே, ஆட்டுப் பண்ணைக்காகக் குடியானவரின் மேய்ச்சல் பறிபோக, 1792இல் கலகம் வெடித்தது. ஊரார் ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிச்சென்றனர். படை வந்து அடக்கியது. அதை 'ஆடுகளின் ஆண்டு' என்றே கேலிக் மொழி நினைவில் வைத்திருக்கிறது. கோட்டைப் பட்டியல்களில் ஃபைரிஷ் அரிதாகவே இடம்பெறுகிறது. நாகப்பட்டினத்தை அறிந்தவர்கள் அங்கே வண்டியை நிறுத்தலாம்.

இன்னும் வடக்கே டன்ராபின். 189 அறைகள், பிரெஞ்சு மாளிகைபோல் கூம்பிய கோபுரங்கள். சார்லஸ் பாரி 1845 முதல் 1850 வரை அதை இவ்வுருவுக்கு மாற்றினார். சதர்லாந்துக் குடும்பம் தன் நிலத்தின் உட்பள்ளத்தாக்குகளிலிருந்து பல்லாயிரம் பேரை வெளியேற்றிய ஆண்டுகள் இதற்குச் சற்றே முந்தியவை. 1814இல் ஸ்ட்ராத்நேவர் வெளியேற்றத்தில் வீடுகள் எரிந்தன. குற்றஞ்சாட்டப்பட்ட பண்ணை முகவர் பாட்ரிக் செல்லர் 1816இல் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார். கோமகனின் சிலை இன்றும் அருகிலுள்ள குன்றின்மேல் நின்று கடலை நோக்குகிறது.

டன்ராபின் என்பதன் முதற்பகுதி 'டூன்', அரண் என்னும் கேலிக் சொல். டன்வேகனிலும் டன்னாட்டரிலும் இருப்பதும் அதுவே. ஆங்கிலத்தின் 'டவுன்' அதற்கு உறவுச்சொல். 'கிளென்' பள்ளத்தாக்கு, 'இன்வர்' ஆற்றுமுகம், 'ஐலன்' தீவு. இணையரின் வரைபடம் முழுவதும் கேலிக். ஆனால் அம்மொழியை ஒழிக்க வேண்டுமென்று எடின்பரோவிலிருந்த அரசமன்றம் 1616லேயே தீர்மானித்தது. கைம்பெண்ணான விக்டோரியா டன்ராபினில் விருந்தினராகத் தங்கியது 1872 செப்டம்பரில். அதற்கு முந்தைய மாதம் ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் நிறைவேறியிருந்தது. கட்டாயக் கல்வியை நாடெங்கும் கொண்டுவந்த அச்சட்டத்தில் கேலிக் என்ற சொல்லே இல்லை. 1891 கணக்கெடுப்பில் 2,54,000க்கு மேற்பட்டோர் கேலிக் பேசினர். 2011இல் 57,000 சொச்சம். அரசியாரின் மலைநாட்டு நாட்குறிப்போ பிற்பாடு கேலிக்கிலும் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தது.