ஈறும் இரத்தமும்

பல் துலக்கும்போது ஈற்றில் சிறிது இரத்தம் கசிந்தால், வாயைக் கொப்பளித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பெரும்பாலோர்க்கு அது சிறு செய்தியே. ஒரு சில குடும்பங்களிலோ, தலைமுறை தலைமுறையாக வரும் இரத்தக் குறை ஒன்றை முதன்முதல் அறிவிப்பது அந்தக் கசிவேயாகும்.

இவ்வுண்மை பழமையானது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஸ்பெயின் நாட்டுக் கார்டோபா நகரை அடுத்து வாழ்ந்தவர் அரபு மருத்துவர் அல் சஹ்ராவி. ஒரு சிற்றூரின் ஆடவர் காயம்பட்டால் இரத்தம் நில்லாது இறந்தனர் என்றும், சிறுவர் சிலர் ஈறுகளை அழுந்தத் தேய்த்ததாலேயே மாண்டனர் என்றும் அவர் எழுதிவைத்தார். 1803-இல் பிலடெல்பியா மருத்துவர் ஜான் ஆட்டோ, இக்குறை பெண்கள் வழியாக வந்து ஆண்மக்களைத் தாக்குவதை எடுத்துரைத்தார். இதுவே ஹீமோபிலியா. 1926-இல் பின்லாந்து அறிஞர் வான் வில்லிபிராண்டு, ஆலந்துத் தீவுக் குடும்பம் ஒன்றில் 66 பேரை ஆராய்ந்து, 23 பேரிடம் வேறொரு குறையைக் கண்டார். அது பெண்களையும் பற்றியது. மூக்கிலும் ஈற்றிலும் மிகுதியாக வெளிப்பட்டது.

இரத்தம் உறைவதற்குச் சில புரதங்கள் வேண்டும். அவற்றுள் ஒன்று பிறவியிலேயே குறைந்தால், கசியத் தொடங்கிய இரத்தம் எளிதில் நிற்பதில்லை.

அப்படியானால் அத்தகைய குழந்தை பல் துலக்கலாமா? ஈறு கசிகிறது என்று அஞ்சிப் பிள்ளையைத் துலக்கவிடாத பெற்றோரை, நான் தலைமையாசிரியனாய் இருந்த நாளில் கண்டதுண்டு. அன்பில் பிறந்த அச்சந்தான். ஆயினும் அது கேட்டையே விளைக்கும். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்பவரும் அவருடைய துணைவரும் நல்ல ஈறு உடைய 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கிற்று. மீண்டும் துலக்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் நலமுற்றது. பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலமே ஈற்றைப் புண்ணாக்குகிறது என்பது அதனால் தெளிவாயிற்று. இரத்தக் குறை கசிவை நீட்டிக்கும். அதைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் அழுக்கே. அஞ்சித் துலக்காவிடில் அழுக்கு சேரும். அழுக்கு சேர்ந்தால் இரத்தம் மிகும். இரத்தம் மிகுந்தால் அச்சமும் மிகும்.

ஆகவே செங்கல் தூளும் அடுப்புக் கரியும் கொண்டு அழுந்தத் தேய்ப்பதை விடுத்து, மென்மையான பிரஷ் கொண்டு நாள்தோறும் இருவேளை துலக்குதல் வேண்டும். பல் பிடுங்க நேர்ந்தால், குடும்பத்தில் எவர்க்கேனும் இரத்தம் நில்லாத குறை உண்டா என்பதை மருத்துவரிடம் முன்னரே சொல்லுதல் வேண்டும். சொன்னால், குறைந்த உறைபொருளை ஊசி வழியே செலுத்தியும், டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மருந்து தந்தும் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவர். சொல்லாவிடில் சிறு பல்லும் உயிருக்கு உலைவைக்கும்.

எங்கள் அத்திப்பட்டினர் மின்சார ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால், எதிரே அரசு பொது மருத்துவமனை நிற்கிறது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரோ, கடும் ஹீமோபிலியா உற்ற ஐவர்க்கு மரபணு மருத்துவம் செய்து, அதன்பின் அவர்களுக்கு இரத்தப்போக்கு நேரவில்லை என 2024-இல் அறிவித்தனர். அறிவு இவ்வளவு வளர்ந்துள்ள காலத்தில், ஈற்றில் தோன்றும் ஒரு துளியை அலட்சியம் செய்தலும் தகாது. அதற்கு அஞ்சிப் பல் துலக்காதிருத்தலும் தகாது.