உறங்குவோர் எல்லாரும் சோம்பரா?

உறக்கத்தைச் சோம்பலின் உடன்பிறப்பாகக் கருதுவது நெடுநாள் வழக்கம். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், துயில் ஆகிய நான்கும் கெடும் இயல்பினர் விரும்பி ஏறும் மரக்கலங்கள் என மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் உரைக்கின்றார். ஈண்டு 'விரும்பி' என்னும் கருத்து உற்று நோக்கத்தக்கது. ஒருவன் தானே நாடிக் கொள்ளும் துயிலையே வள்ளுவர் கடிந்தார். நாடாமலே வந்து ஆளை வீழ்த்தும் உறக்கமும் உலகில் உண்டு. அது குணக்கேடு அன்று, நோயே எனத் தெளிய மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் ஆயிற்று. மாணவரை நாள்தோறும் எதிரே காணும் ஆசிரியர்கள் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

கதையில் வந்த பையன்

சார்லஸ் டிக்கன்ஸ் 1836, 1837 ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்னும் பணியாள் பையன் வருகின்றான். பருத்த உடலும் அடங்காப் பசியும் உடையவன். ஏவிய வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே உறங்கிவிடுவான், குறட்டையும் விடுவான். படித்தோர் நகைத்தனர். அப்பையனுக்கு என்ன நோய் என்று கேட்பார் இலர்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி அவ்வினாவை எழுப்பியவர் வில்லியம் ஹில் என்னும் ஆங்கில மருத்துவர். பிள்ளைகளின் பின்னடைவுக்கும் மந்தத்துக்கும் உரிய காரணங்களைப் பற்றி 1889 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். வாயால் மூச்சு விட்டு, இரவில் குறட்டையும் அமைதியின்மையுமாகக் கிடந்து, காலையில் வாய் உலர்ந்து எழும் பிள்ளையை மந்தன், சோம்பேறி என்று ஒதுக்காமல் பள்ளி மருத்துவர் கவனிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எனினும், உறக்கத்தில் மூச்சு எவ்வாறு தடைப்படுகின்றது என்பதை அளந்தறியும் கருவி அக்காலத்தில் இல்லை.

மூச்சு நின்ற இரவுகள்

1956 இல் அமெரிக்க மருத்துவர் பர்வெலும் அவர்தம் தோழரும் பருத்த உடலினரான வணிக அதிகாரி ஒருவரின் நோயை விளக்கினர். சீட்டாட்டத்தில் வெற்றி தரும் சீட்டுகள் கையில் இருந்தும் அவர் உறங்கிப்போனார். அதன் பின்னரே மருத்துவமனையை நாடினார். இந்நோய்க்கு மருத்துவர்கள் டிக்கன்ஸ் நாவலின் பெயரையே இட்டனர். உடலில் கரியமில வாயு மிகுவதே உறக்கத்திற்குக் காரணம் என்று அவர்கள் எண்ணினர்.

மெய்க் காரணம் 1965 இல் வெளிப்பட்டது. பிரான்சில் காஸ்டோ குழுவினரும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகிய இருவரும் தனித்தனியே ஆராய்ந்தனர். இத்தகைய நோயாளர் உறங்கும்போது தொண்டை வழி அடைபட்டு மூச்சு நிற்கின்றது. மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கின்றது. இரவு முழுதும் இவ்வாறே நிகழும். இத்தனை முறை விழித்ததை உறங்கியவர் அறியார். இரவில் உண்மையான உறக்கம் இல்லாதவருக்குப் பகலில் கண் செருகுவதில் வியப்பில்லை.

முதலில் கண்ட மருத்துவம் கடுமையானது. 1969 இல் கூலோ குழுவினர் கழுத்தில் மூச்சுக்குழலைத் துளைத்து வழி அமைத்தனர். நோய் தணிந்தது, ஆனால் நோயாளர் கழுத்தில் துளையுடன் வாழ வேண்டியதாயிற்று. 1981 இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் எளிய வழி ஒன்றைக் கண்டார். மூக்கின் வழியே இடையறாது காற்றைச் செலுத்தினால் அக்காற்றின் அழுத்தமே தொண்டையைத் திறந்து வைக்கும் என்பதை ஐந்து நோயாளரிடம் மெய்ப்பித்தார். இன்று பெரியவர்களுக்குத் தரப்படும் முதன்மை மருத்துவம் இதுவே. உடல் எடையைக் குறைப்பதும் உடன் பயன் தரும்.

பிள்ளைகளுக்கும் இந்நோய் உண்டென்பதை 1976 இல் எட்டுச் சிறுவரை ஆராய்ந்த கில்மினோ குழுவினர் காட்டினர். ஹில் கட்டுரைக்குப் பின் 87 ஆண்டுகள் கழிந்திருந்தன! பிள்ளைகளிடம் பெரும்பாலும் டான்சில், அடினாய்டு என்னும் சதைகளின் வீக்கமே தடையாகும். 5 முதல் 9 வயது வரையுள்ள 464 பிள்ளைகளைக் கொண்ட ஆய்வு 2013 இல் வெளிவந்தது. அச்சதைகளை அகற்றிய பிள்ளைகளின் உறக்கமும் நடத்தையும் சீர்பெற்றன. கவனத்தை அளக்கும் தேர்வில் மட்டும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

மூளையில் எழும் குறை

மூச்சுத் தடையின்றியே பகலில் உறக்கத்தில் வீழ்வோரும் உளர். பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ 1880 இல் இதற்கு 'நார்கோலெப்சி' எனப் பெயரிட்டார். அவர் கண்ட நோயாளர் மதுப்பீப்பாய் விற்கும் 38 வயது வணிகர். அடிக்கடி உறக்கம் அவரை மேற்கொள்ளும். வாய்விட்டு நகைத்தால் கால்கள் தளரும். இதனையும் மனத்தின் தளர்ச்சி என்றே பலர் நெடுநாள் கருதினர்.

1998 இல் இரு குழுவினர் ஒரெக்சின் என்னும் மூளைப் பொருளைக் கண்டறிந்தனர். விழிப்பை நிலைநிறுத்துவது இப்பொருளே. 2000 ஆம் ஆண்டில், இறந்த நோயாளரின் மூளைகளை ஆராய்ந்தபோது இதனைச் சுரக்கும் அணுக்கள் பெரும்பாலும் அழிந்திருந்தமை தெரியவந்தது. அழிந்த அணுக்களை மீட்கும் வழி இல்லை. எனினும், பகலில் குறித்த நேரத்தில் சிறுதுயில் கொள்வதும், விழிப்பூட்டும் மருந்துகளும் நோயாளர் கல்வியையும் தொழிலையும் தொடரத் துணை செய்கின்றன.

ஆசிரியர் கேட்க வேண்டிய வினா

வகுப்பில் தூங்கும் மாணவர் எல்லாரும் நோயாளர் அல்லர். இரவில் நேரங்கழித்துப் படுத்தவனும் தூங்குவான்; பாடம் சுவைக்காதவனும் தூங்குவான். ஆயினும் நாள்தோறும் ஒரே பிள்ளை கண் செருகி அமர்ந்திருந்தால், தண்டிப்பதற்கு முன் அதன் பெற்றோரிடம் இரண்டு வினாக்கள் கேட்டல் நலம். இரவில் குறட்டை விடுகின்றதா? போதிய நேரம் உறங்கியும் பகலில் உறக்கம் வருகின்றதா? விடை 'ஆம்' என்றால், அப்பிள்ளை செல்ல வேண்டிய இடம் வகுப்பின் மூலை அன்று, மருத்துவரின் அறையே. சோம்பலைக் கடிவது ஆசிரியர் கடமை. சோம்பலையும் நோயையும் பிரித்தறிதல் அதனினும் முற்பட்ட கடமையாகும்.