இரண்டு காற்றுத் துளைகளும் லண்டன் புகைமூட்டமும்

இந்த முறை கட்டுரை ஓர் அடுப்பைப் பற்றி. சமையல் அடுப்பு இல்லை. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வரவேற்பறையில் வைத்திருப்பார்களே, கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி, அதுதான். விறகும் போடலாம், கரியும் போடலாம் என்பதால் 'மல்டி ஃப்யூயல் ஸ்டவ்' என்று பெயர். அதை எரிக்கும் முறையைப் படிக்கப் போனால், பாதி விதிகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது.

அந்த அடுப்பில் காற்று நுழைய இரண்டு வழிகள் உண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஏன் இரண்டு? விறகு சூடானதும் அதிலிருந்து வாயுக்கள் கிளம்பும். ஜுவாலையாக எரிவது பெரும்பாலும் அந்த வாயுக்கள்தான். அதனால் விறகுக்குக் காற்று மேலிருந்து வர வேண்டும். அடியில் ஓர் அங்குலம் சாம்பல் மெத்தை மாதிரி கிடந்தால் இன்னும் நல்லது. கரி இதற்கு நேர் எதிர். காற்று கீழிருந்து கட்டிகளுக்கு நடுவே ஏற வேண்டும். அதற்குத்தான் கம்பித்தட்டு. வெளியே இருக்கும் பிடியை ஆட்டினால் சாம்பல் உதிர்ந்து அடித்தட்டில் விழும். கரி எரிப்பவர்கள் அந்தத் தட்டைத் தினமும் காலி செய்ய வேண்டும். சோம்பல்பட்டால் சாம்பல் கம்பி வரை ஏறிவிடும், கம்பியைக் குளிர்விக்கும் காற்று நின்றுபோகும், வார்ப்பிரும்பே வளைந்துவிடும்!

சரி, வரலாற்றுக்கு வருவோம். லண்டனுக்கும் கரிப்புகைக்கும் பழைய பகை. 1306-இலேயே மன்னர் முதலாம் எட்வர்டு கரி எரிக்கத் தடை போட்டார், பலிக்கவில்லை. 1661-இல் ஜான் ஈவ்லின் என்பவர் லண்டன் புகையைப் பற்றி ஒரு நூலே எழுதி மன்னர் இரண்டாம் சார்லஸுக்குக் கொடுத்தார், அதுவும் பலிக்கவில்லை. ஆங்கிலேயருக்குக் கண்முன்னே திறந்த கணப்பில் நெருப்பு எரிவதைப் பார்க்க வேண்டும். சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போனாலும் பரவாயில்லை!

அந்த ஆசைக்கான விலை 1952 டிசம்பரில் தெரிந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஏழு ஆண்டு ஆகியும் வீட்டுக் கரிக்கு ரேஷன் இருந்தது. நல்ல கரி ஏற்றுமதிக்குப் போனது. தூளும் துண்டுமான மட்டக் கரியை மட்டும் அந்த மாதம் ரேஷன் இல்லாமல் விற்றார்கள். 5-ஆம் தேதி காற்று அசையாமல் நின்றது. லட்சக்கணக்கான வீடுகளின் புகையும் மின்நிலையங்களின் புகையும் 9-ஆம் தேதி வரை நகரத்தின் மேலேயே தங்கிவிட்டன. நாடக அரங்குக்குள்ளும் புகை புகுந்து, ஓர் இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள். அடுத்த மாதங்களின் மரணங்களுக்கு இன்ஃப்ளூயன்சா மீது பழி போட்டது அரசு. அவற்றையும் சேர்த்துப் பிற்கால ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு சுமார் 12,000.

விசாரிக்க அமைத்த குழுவுக்குத் தலைவர் சர் ஹியூ பீவர். (கின்னஸ் சாதனைப் புத்தகம் யோசனை இவருடையதுதான், என்ன மனிதர்!) அதன் பலனாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஆலைகளை மட்டுமல்ல, வீட்டுக் கணப்பையும் அது கட்டுப்படுத்தியது. என்னைக் கேட்டால் அதன் பெரிய துணிச்சல் அதுதான். என் வீடு, என் நெருப்பு என்று பேசிய மக்களிடம், உன் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்குள் போகிறது என்று சட்டம் சொன்னது. வெறுமனே தடை போடவும் இல்லை. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கணப்பை மாற்றும் செலவில் பெரும்பங்கை அரசுப் பணமே ஏற்றது.

அந்தப் பகுதிகளில் ஆந்த்ரசைட், பதப்படுத்திய புகையற்ற கரி போன்றவற்றையே எரிக்க வேண்டியிருந்தது. இவை லேசில் பற்றாது, கீழிருந்து நல்ல காற்று இழுப்பு வேண்டும். மூடிய அடுப்புக்கும் கம்பித்தட்டுக்கும் மவுசு கூடியது இப்படித்தான். பிறகு வட கடல் எரிவாயு வந்து பல வீடுகளில் கரியையே துரத்தியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் விலையைப் பார்த்து மிரண்டவர்கள் மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினார்கள்.

இன்றைய விதிகளும் அதே கதையின் தொடர்ச்சிதான். 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வீடுகளுக்கான சாதாரணக் கரி விற்பனை 2023 மே மாதத்தோடு முற்றாக நின்றது. ஈர விறகு என்ன செய்யும் என்று விறகடுப்பில் ஊதுகுழல் பிடித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். விறகையும் கரியையும் சேர்த்துப் போடுவதும் தவறு. கரியின் கந்தகமும் விறகின் ஈரமும் சேர்ந்து அமிலமாகிப் புகைபோக்கியை அரிக்கும்.

பராமரிப்பில் சின்னச் சின்ன வேலைகள்தான். கதவில் ஒரு காகிதத்தைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்தால் ஓரத்துக் கயிற்றை மாற்ற வேண்டும். கண்ணாடிக் கரியை ஈரக் காகிதத்தில் சாம்பல் தொட்டே துடைக்கலாம். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறையாவது, விறகென்றால் இரு முறை, ஆள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும், அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ராத்திரி முழுக்கத் தணல் கிடக்கட்டும் என்று விறகைப் போட்டுக் காற்றை அடைத்து வைப்பதுதான் மோசம். அரைகுறையாக எரிந்து புகைபோக்கிக்குள் தார் படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும்.

அடுப்பு சரியாக எரிகிறதா என்று பார்க்க ஒரு வழி, பற்ற வைத்து அரை மணி கழித்துத் தெருவில் இறங்கி உங்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பது. புகைபோக்கிக்கு மேலே காற்று லேசாக நெளிவது மட்டும் தெரிந்தால் சரி. புகை தெரிந்தால் உள்ளே போய் விறகைப் பாருங்கள்.