பேடு இல்லாத அடை

இன்குபேட்டர் என்றால் மின்சாரத்தோடு வந்த சாமான் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். தெர்மாக்கோல் பெட்டி, இரண்டு பல்பு, ஒரு குட்டி மின்விசிறி, சிவப்பு எழுத்தில் டிகிரி காட்டும் ஒரு கருவி. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் இருக்கிறது. ஆனால் கோழி உட்காராமல் குஞ்சு பொரிக்க வைப்பது மிகப் பழைய தொழில். எகிப்தில் முட்டைகளைச் சாணக் குப்பையில் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள் என்று அரிஸ்டாட்டில் சுமார் 2,300 வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். அதே இடத்தில் ஒரு குடிகாரன் கதையும் சொல்கிறார். சிராக்யூஸ் ஊரில் ஒருவன் பாய்க்கு அடியில் முட்டைகளைப் புதைத்து, மேலே உட்கார்ந்துகொண்டு, குஞ்சு வெளியே வரும்வரை குடித்துக்கொண்டே இருப்பானாம். 21 நாள்! கதை உண்மையோ பொய்யோ, அடையில் உட்காருவதற்கு வேண்டிய பொறுமையைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எகிப்துக்காரர்கள் பிற்பாடு குப்பையை விட்டு அடுப்புக்கு வந்தார்கள். மண் செங்கலால் கட்டிய பெரிய கட்டடம். நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், ஒவ்வொரு அறையும் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் பாயோ வைக்கோலோ பரப்பி ஆயிரக்கணக்கில் முட்டை. மேல் அடுக்கில் சாணமும் வைக்கோலும் போட்டு மூட்டிய தணல். தணலின் சூடு நடுவில் இருக்கும் துவாரம் வழியாகக் கீழே இறங்கும். வேலைக்காரர் உள்ளேயே தங்கி, முட்டைகளைப் புரட்டி, இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார். தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமைமேல் வைத்துப் பார்த்தே சூடு சரியா என்று சொல்லிவிடுவார். இமைத் தோல் மெல்லியது, சூட்டைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும். குழந்தைக்குக் காய்ச்சலா என்று நம் வீட்டுப் பெண்கள் புறங்கையை வைத்துப் பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

இதில் என்னை அதிகம் வியக்க வைத்தது வேறு ஒன்று. முதல் பத்து நாள் அளவில் மட்டும்தான் நெருப்பு. அதற்குப் பிறகு தணலை அணைத்துவிட்டு, முட்டைகளில் ஒரு பகுதியை மேல் அடுக்கிலும் பரப்பிவிடுவார்கள். உள்ளே வளரும் குஞ்சு அதற்குள் தானே சூடு தர ஆரம்பித்துவிடும். ஆயிரக்கணக்கான முட்டைகள் ஒன்றையொன்று காய்ச்சிக்கொள்ளும். இன்று வீட்டுப் பெட்டியில் முதல் இரண்டு வாரம் ஒழுங்காக நின்ற டிகிரி மூன்றாவது வாரத்தில் மெல்ல ஏறுகிறது என்று சொல்கிறவர்கள், கருவி பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். முட்டை நிறைய வைத்த பெட்டியில் பெரும்பாலும் அது குஞ்சுகளின் சூடு. பெட்டியின் காற்றுத் துளைகளைத் திறந்துவிட்டு, சூட்டைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும். கூடுதல் சூடுதான் எமன். மின்விசிறி வைத்த பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. அதற்குமேல் மூன்று டிகிரி ஏறி சில மணி நேரம் நின்றாலே உள்ளே பல குஞ்சுகள் போய்விடும். குறைவான சூடு அவ்வளவு கொடுமை செய்வதில்லை. மின்வெட்டு வந்தால் பதறி முட்டைகளைச் சுடுதண்ணீர் பாட்டில்களுக்கு நடுவில் நெருக்கி அடுக்கி ஆட்டம் போட வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் கம்பளி போட்டு மூடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. அடைக்கோழியும் தினம் எழுந்துபோய் இரை பொறுக்கி, மண்ணில் புரண்டு, கால் மணி நேரம் கழித்துத்தானே வருகிறது.

இந்தத் தொழில் ரகசியம் நைல் டெல்டாவில் பெர்மே என்ற கிராமத்தாரிடம் இருந்தது, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு. அவர்களோடு அடுப்புக்காரர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், மூன்று முட்டை கொடுத்தால் இரண்டு குஞ்சு திருப்பித் தரவேண்டும் என்பது வழக்கம். மூன்றில் ஒரு பங்கு போகும் என்பதை இரண்டு தரப்பும் முதலிலேயே ஒப்புக்கொண்ட வியாபாரம் அது. முப்பது முட்டையும் பொரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி ரெயோமூர் இதைத் தன் நாட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டார். தண்ணீர் உறையும் நிலையை 0 என்றும் கொதிக்கும் நிலையை 80 என்றும் வைத்துத் தெர்மாமீட்டர் செய்தவர் இவர்தான். ஆகையால் எகிப்துக்காரரின் இமைக்குப் பதில் இவரிடம் கண்ணாடிக் குழாய் இருந்தது. மரப் பீப்பாய்களைச் சூடான சாணத்தில் புதைத்து, உள்ளே கூடைகளில் முட்டை வைத்தார். சூடு சரியாக இருந்தும் குஞ்சுகள் செத்தன. சாணத்திலிருந்து வரும் ஈரமான ஆவி உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கண்டுகொண்டு, ஆவி நுழையாதபடி பீப்பாயைச் சரிசெய்தார். 1749இல் இதை ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். ஓட்டுக்குள் இருப்பது மூச்சு விடும் உயிர், காற்று கெட்டால் சாகும் என்பதற்கு அவருடைய பீப்பாய்களே சாட்சி.

ஆனால் ராத்திரி யார் விழித்திருப்பது? எகிப்தில் மனிதன் விழித்திருந்தான். இங்கிலாந்தில் வாழ்ந்த டச்சுக்காரர் கார்னெலிஸ் ட்ரெபெல் அதற்கும் முன்னால், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தானே விழித்திருக்கும் அடுப்பு ஒன்றைச் செய்தார். சூடு ஏறினால் குழாயில் உள்ள சாராயம் விரியும், அது பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் தூக்கும் கம்பி அடுப்பின் காற்று வாயை மூடும். சூடு இறங்கினால் வாய் திறக்கும். இன்று ஃப்ரிட்ஜிலும் இஸ்திரிப் பெட்டியிலும் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் மூதாதைகளில் ஒன்று கோழிக்குஞ்சுக்காகப் பிறந்தது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். 1881இல் சார்லஸ் ஹியர்சன் என்ற ஆங்கிலேயர் சின்ன உலோகத் தகட்டு உறைக்குள் எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்து அதையே காவலாளி ஆக்கினார். அதற்கு இரண்டு வருடம் முன்பு கலிபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் லைமன் பைஸ் என்பவர் செய்த இன்குபேட்டர் அந்த ஊரையே முட்டை ஊராக்கியது, நமக்கு நாமக்கல் மாதிரி. நாமக்கல் பண்ணைகளின் வெள்ளைக் கோழிகள் அடைக்கே உட்காருவதில்லை. முட்டை நிற்காமல் இருக்க, அடைக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டிவிட்டார்கள். பெட்டி நின்றால் அந்த இனமே நிற்கும்.

சூடும் காற்றும் சரியானால் பாதி வேலைதான் முடிந்தது. என் பாட்டி அடை வைக்கும்போது கூடையில் மணல் போட்டு, நடுவில் ஒரு இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, இரண்டு வரமிளகாய் வைப்பார். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாமல் இருக்கவாம். இடிக்கும் இரும்புக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் கூடையைத் தரையில், இருட்டு மூலையில் வைத்தாரே, அதில் விஷயம் இருக்கிறது. அங்கே காற்றில் ஈரம் குறையாது. முட்டை 18 நாளில் தன் எடையில் சுமார் 12 சதவீதத்தை ஆவியாக இழக்க வேண்டும். 45 கிராம் நாட்டுக்கோழி முட்டை ஐந்து கிராம் சொச்சம் குறைய வேண்டும். நகைத் தராசு இருந்தால் நிறுத்தே பார்க்கலாம். அதிகம் குறைந்தால் பெட்டியில் ஈரம் போதவில்லை. குறையவே இல்லை என்றால் தண்ணீர்க் கிண்ணம் பெரிதாகிவிட்டது. காற்றறை சின்னதாகி, குஞ்சு கடைசியில் மூச்சுக்குத் திணறும். புரட்டாமல் விட்டால் கரு ஓட்டின் உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் போட்டு, நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை புரட்டுவது வழக்கம். ஒற்றைப்படை என்றால், ராத்திரி நெடுநேரம் ஒரே பக்கம் கிடப்பது தினம் மாறிவரும். 18ஆம் நாளோடு புரட்டுவது நிற்க வேண்டும். குஞ்சு இனி தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த இடம் என்ன என்பதையும் அரிஸ்டாட்டிலே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்த மனிதர் அவர். இருபதாம் நாள் வாக்கில் குஞ்சு உள்ளே கீச்சிடும், தலை வலது கால் பக்கம், இறக்கை தலைக்கு மேல் என்று எழுதினார். இன்றைய புத்தகங்களும் தலை வலது இறக்கைக்குக் கீழே, அலகு காற்றறையை நோக்கி என்றுதான் சொல்கின்றன. தலை குறுகிய முனைப் பக்கம் திரும்பிவிட்ட குஞ்சுகள்தான் பெரும்பாலும் வெளியே வரத் தெரியாமல் செத்துப்போகின்றன.

எதிர்வீட்டுத் தம்பியின் பெட்டியில் சென்ற மாசி மாதம் இதுதான் பிரச்சினை. 21ஆம் நாள் ஓட்டில் ஓட்டை விழுந்து, ஆறு மணி நேரமாக ஒரு குஞ்சு அசையவில்லை. அவனுடைய பெண் குழந்தை என்னிடம் ஓடி வந்து, “தாத்தா, அது அழுகுது, உரிச்சு விடலாமா?” என்று கேட்டாள். உரிக்கக் கூடாது என்று சொன்னேன். ஓட்டை விழுந்த பிறகு முழுசாக வெளிவர 12 மணியிலிருந்து 24 மணி வரை ஆவது சாதாரணம். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இல்லை. உள்தோலில் ஓடும் ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது, மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் சேர்க்கிறது. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் பீறிடும், தொப்புள் மூடாது. திறந்து திறந்து பார்த்தால் பெட்டியின் ஈரம் போய், உள்தோல் சுருங்கி, மற்ற முட்டைகளின் குஞ்சுகளையும் பிளாஸ்டிக் தாள் மாதிரி இறுக்கிக்கொள்ளும். அதனால்தான் கடைசி மூன்று நாள் ஈரத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்றச் சொல்கிறார்கள்.

ஒரு நாள் முழுக்கக் கடந்தும் ஓட்டை பெரிதாகவில்லை, தோல் காய்ந்து பழுப்பாகிவிட்டது என்றால் மட்டும் கை வைக்கலாம். விரலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தோலை ஈரமாக்கி, ஓட்டை விழுந்த வளையத்தில் நகத்தால் துளித்துளியாகப் பெயர்க்க வேண்டும். ஒரு சொட்டு ரத்தம் கண்டால் நிறுத்தி, திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். எதிர்வீட்டுக் குஞ்சுக்கு அது தேவைப்படவில்லை. மறுநாள் விடியற்காலை தானே வந்துவிட்டது. பக்கத்து முட்டை ஒன்றில் வரவே இல்லை.

வெளியே வந்த குஞ்சு ஈரம் காய்ந்து பஞ்சாகும்வரை பெட்டியிலேயே கிடக்கட்டும். தீனி வைக்கவில்லையே என்று கவலை வேண்டாம். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். பத்து நாள் கழித்து அறுத்துப் பார்த்தாலும் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். அந்த மிச்சத்தை நம்பித்தான் அமெரிக்கத் தபால் இலாகா 1918இல் ஒரு நாள் குஞ்சுகளைப் பார்சலில் அனுப்ப ஒப்புக்கொண்டது. நம் ஊர் பஸ் நிலையங்களிலும் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகள் கீச்கீச்சென்று காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள் தண்ணீரும் இல்லை, தீனியும் இல்லை.