ஹார்லெமில் ஒரு வாப்பாவைத் தேடி

வங்காளத்தின் நவகாளிப் பகுதியிலிருந்து கப்பல் தொழிலாளியாகப் புறப்பட்ட ஹபீப் உல்லா, 1920களில் பொஸ்டன் துறைமுகத்தில் கப்பலை விட்டிறங்கித் தலைமறைவானார். நியூயோர்க் சென்று சமையற்கூடங்களில் உழைத்தார். ஹார்லெமில் குடியமர்ந்து விக்டோரியா என்ற புவேர்ட்டோ ரிக்கோப் பெண்ணை மணந்தார். அவர் மறைந்தபின், 1960களில் தாயகம் சென்று மொஹிமாவை மணமுடித்து அழைத்து வந்தார். அந்த இரண்டாவது மணத்தின் பிள்ளைதான் நடிகர் அலாவுதீன் உல்லா.

இளமையில் அலாவுதீனுக்கு வாப்பாவும் வேண்டியிருக்கவில்லை, அவருடைய மார்க்கமும் வேண்டியிருக்கவில்லை. ஹார்லெமின் ஹிப் ஹொப் இசையே அவருக்கு உலகம். நடிக்கப் போன இடத்தில்தான், திரையுலகம் முஸ்லிமுக்கு வைத்திருந்த பயங்கரவாதி வேடம் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பெற்றோரின் கதையைச் சொல்ல நினைத்தார். சொல்ல ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கேட்பதற்கு வாப்பாவும் உயிரோடில்லை. தேடித் தேடி, 'டிஷ்வாஷர் ட்ரீம்ஸ்' என்ற தனிநபர் நாடகத்தை ஆக்கினார்.

அவர் சொன்ன கதைதான் திரைப்பட இயக்குநர் விவேக் பால்டை ஆவணக் காப்பகங்களுக்குள் இறக்கியது. படம் எடுக்கப் போனவர் 2013இல் ஆய்வு நூலொன்றை வெளியிட்டார். இருவரும் சேர்ந்து ஆக்கிய 'இன் சேர்ச் ஒஃப் பெங்காலி ஹார்லெம்' 2022இல்தான் திரைக்கு வந்தது.

பால்ட் கிளறிய கடதாசிகளில் ஒரு முழுச் சமூகமே கிடந்தது. 1880கள் முதல் ஹூக்ளிப் பகுதி முஸ்லிம்கள் சிக்கன் துணி மூட்டைகளோடு நியூ ஓர்லியன்ஸ் வரை வியாபாரம் போயிருக்கிறார்கள்; சிலர் அங்கே கறுப்பினப் பெண்களை மணந்து தங்கியும் விட்டார்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவடைத்தது. 1923இல் உச்ச நீதிமன்றம் இந்தியர் 'வெள்ளையர்' அல்லர் எனத் தீர்ப்பளித்ததால், குடியுரிமைக்கான வழியும் 1946வரை மூடிக் கிடந்தது. சட்டத்துக்கு ஒளிந்து வாழ்ந்தவர்களை அரசாங்கக் கடதாசியில் கண்டுபிடிப்பது லேசான காரியமா? குடிசன மதிப்பீட்டில் 'ஹிந்து' என்பது ஓர் இனப் பிரிவு; தொழுகையாளியும் அதற்குள்தான் போனார். பெயர்களோ எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி.

ஆண்டுதோறும் சேர்விடாப்பில் பிள்ளைகளின் பெயர் பதிகிற எனக்கு இந்த இடத்தில் மனம் உறுத்தியது. வாப்பாமார் சொல்வதை எனக்குப் பழக்கமான எழுத்தில் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறேன். அறுபது வருடம் கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டப் போகிறவனை நினைத்ததில்லை.

வாப்பாவின் தலைமுறையைத் தேட நியூயோர்க்கில் திருமணப் பதிவுகளாவது இருந்தன. உம்மாவின் கதையைத் தேடி அலாவுதீன் வங்காளதேசத்துக்கே போக வேண்டியிருந்தது.