ஆழம் எழுதாத துளை

பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டிருக்கும். என் புத்தகங்களுக்கு மட்டும் நீலத்தாள். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். கழித்துப் போட்ட புளூபிரிண்ட் தாள்களைக் கேட்டு வாங்கி வருவார். கருநீலத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடும். கணக்குப் புத்தகத்தின் முன்னட்டையில் ஒரு சக்கரத்தின் பாதி, பின்னட்டையில் மீதி. "இது என்னப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "கடுதாசிடா. மேல ஆபீஸ்ல உக்காந்திருக்கவரு எனக்கு எழுதுன கடுதாசி" என்றார்.

அந்தக் கடுதாசி எழுதும் வேலைக்குத்தான் பிற்பாடு நான் மனுப் போட்டேன். டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதிலேயே இருந்தேன். அந்த வேலையை ஒரு மனிதன் எப்படிக் கேட்டுப் பெற்றான் என்பதை எழுதி வைக்க ஆசை. கேட்ட விதத்திலேயே தொழிலின் சாரம் முழுக்க இருந்தது.

தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. திருச்சியில் இயந்திர வரைபடம் என்பது ஊரறிந்த பொருளானது அங்கிருந்துதான். அப்போது எல்லாம் அடி, அங்குலக் கணக்கு. அங்குலத்தை அறுபத்து நான்காகப் பிரித்து அளவு போடுவார்கள். தாளுக்கும் ஆங்கிலேயர் வைத்த பெயர்கள்: 30க்கு 22 அங்குலம் 'இம்பீரியல்', 40க்கு 27 அங்குலம் 'டபுள் எலிஃபண்ட்'. டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலில் வரைவார். டிரேசர் அதன்மேல் மெல்லிய துணியை விரித்து மையில் படியெடுப்பார். அந்தத் துணிக்கடியில் இரும்பு உப்பு தடவிய தாளை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் நீலமாகும்; கோட்டின் நிழல் விழுந்த இடம் வெள்ளையாக நிற்கும். 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி கண்ட முறை அது. என் கணக்குப் புத்தகத்துக்கு அட்டையாக வந்ததும் அதுவே.

1960-களில் ஊரின் முகம் மாறியது. திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தது. அதற்குத் துணைவேலை செய்யும் சிறு ஃபேப்ரிகேஷன் கம்பெனிகள் துவாக்குடி வரை முளைத்தன. இதே காலத்தில்தான் நாடு மெட்ரிக் அளவைக்கு மாறியது. 1956-ல் வந்த சட்டம் சில ஆண்டுகளில் அங்குலத்தைப் படிப்படியாக ஒதுக்கியது. அப்பா தலைமுறை அங்குலத்தில் யோசித்தது. நாங்கள் மில்லிமீட்டரில் படித்தோம். வீட்டில் ஒரு மேசைக்கு அளவு சொன்னாலும் அப்பாவும் நானும் இரண்டு மொழி பேசுவோம்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஐ.டி.ஐ.யில் சேர்ந்தேன். இரண்டு வருடப் படிப்பு. முதல் சில வாரங்கள் எழுத்து மட்டுமே. 'ஏ'யிலிருந்து 'இசட்' வரை, ஒன்றிலிருந்து ஒன்பது வரை, 5 மில்லிமீட்டர் உயரத்தில், பிறகு 3.5-ல், பிறகு 2.5-ல். மூன்றும் எட்டும் குழம்பினால் வாத்தியார் தாளையே கிழிப்பார். "பட்டறையில வெளிச்சம் கம்மி. எண்ணெய்க் கையோட தாளைப் புடிப்பான். அப்பவும் மூணு மூணாத் தெரியணும்" என்பார்.

பிறகு புரொஜெக்‌ஷன். ஒரு பொருளை முன்னிருந்து, மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து பார்த்து மூன்று தோற்றங்களாகத் தாளில் இறக்கும் கலை. பிரான்சில் காஸ்பார் மோன்ஜ் இதற்கு இலக்கணம் வகுத்தபோது, கோட்டை கட்டும் ரகசியம் என்று ராணுவம் பல ஆண்டுகள் வெளியே விடவில்லை. 1790-களில்தான் பாடமாகவும் புத்தகமாகவும் பொதுவுக்கு வந்தது. ஐரோப்பியர் முதல் கோண முறையில் வரைவார்கள். மேலிருந்து பார்த்த தோற்றம் கீழே வரும். அமெரிக்கர் மூன்றாம் கோணம். அதே தோற்றம் மேலே வரும். செக் நாட்டுக் கூட்டுறவோடு தொடங்கிய பெல் ஆலைக்கு 1970-களில் அமெரிக்கக் கூட்டுறவும் வந்ததால், எங்கள் வட்டாரத்தில் இரண்டையும் படிக்கத் தெரிய வேண்டும். தாளின் வலது கீழ் மூலையில் சின்னக் கூம்பு ஒன்றின் குறி இருக்கும். அதைப் பார்க்காமல் வேலை தொடங்கினால் வலப்பக்கத்துத் துளை இடப்பக்கம் போய்விடும்.

1976-ல் சான்றிதழ் கையில் வந்தது. அன்றே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். காலியிடங்களை அந்த அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 1959-லேயே சட்டம் இருந்ததால், பெரிய ஆலைகளின் வாசல் அதன் வழியாகத்தான் திறக்கும். அட்டையைப் புதுப்பிக்கத் தவறினால் சீனியாரிட்டி போய்விடும். அம்மா அதை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். நேரடி விளம்பரம் வந்தால் தனி மனு: முழுநீளத் தாள், போஸ்டல் ஆர்டர், கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்து வாங்கிய நகல்கள். மற்றவர்கள் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்து மனுவை அடிப்பார்கள். நாங்கள் அடிக்க மாட்டோம். எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தது அது: "உன் மனுவை ஆபீஸ்ல யாரு படிச்சாலும் கடைசியில அது ஒரு டிராஃப்ட்ஸ்மேன் மேசைக்குத்தான் வரும். அவரு எழுத்தைத்தான் பாப்பாரு." மெல்லிய பென்சில் கோடுகள் போட்டு, 3.5 மில்லிமீட்டர் உயரத்தில் என் பெயரையும் அப்பா பெயரையும் மதிப்பெண்களையும் எழுதி, கோடுகளை ரொட்டித் துண்டால் ஒற்றி எடுப்பேன். ரப்பர் தேய்த்தால் தாளின் மினுக்குப் போய்விடும்.

1978-ல் ஒரு கனரக ஆலையிலிருந்து டிரேடு டெஸ்ட்டுக்கு அழைப்பு வந்தது. மினி டிராஃப்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். 2H, H, HB மூன்றும் சீவி, உப்புத்தாளில் முனை தீட்டி வைத்திருந்தேன். இருபது பேர், இருபது போர்டு. ஆளுக்கொரு வார்ப்பிரும்புத் துண்டு கொடுத்தார்கள். எனக்கு வந்தது பேரிங் தாங்கும் பிராக்கெட். வெர்னியரும் காலிபரும் மேசையில் இருந்தன. ஒரு மணி நேரத்தில் கைப்பட ஸ்கெட்ச், அதன்பின் மூன்று மணி நேரத்தில் அளவுக்கு வரைந்த படம்.

நன்றாக வரைந்தேன். மையக்கோடுகள் மெலிந்து, வெளிக்கோடுகள் கறுத்து, மறைகோடுகள் ஒரே சீராக நின்றன. முடித்ததும் செக்கர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பென்சில். தாளைப் பார்ப்பதற்கு முன் பிராக்கெட்டைத் தூக்கி மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

"இப்ப நீதான் டர்னர். அந்தத் துண்டை நீ பாத்ததே இல்ல. இந்தத் தாள்தான் உன்கிட்ட இருக்கு. செஞ்சு குடு."

ஒவ்வொரு பரப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கவாட்டில் எம்12 மரையிட்ட துளை ஒன்று. மறுபக்கம் திறக்காத பிளைண்ட் துளை. "10.2 டிரில் போட்டு எம்12 டேப் அடிக்கணும் சார்" என்றேன்.

"எவ்வளவு ஆழம்?"

தாளில் இல்லை. கை தானாக ஸ்கேலை எடுத்துப் படத்தின் மேல் வைத்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "தாளை அளக்கக் கூடாது தம்பி. ஈரத்துல நீளும், வெயில்ல சுருங்கும். எழுதுன எண்தான் அளவு. நீ எழுதலேன்னா அவன் யாருகிட்டப் போய்க் கேப்பான்?"

அந்த இடத்தில் ஓர் எண் மட்டும் போதாது, இரண்டு வேண்டும். டேப்பின் முனை சரிந்திருப்பதால் அது முழு மரை வெட்டும் ஆழத்தைவிட டிரில் கூடுதலாக இறங்கியிருக்க வேண்டும். மரைக்கு ஓர் ஆழம், துளைக்கு ஓர் ஆழம். ஒன்று தவறினாலும் டேப் அடியில் முட்டி உடையும். உடைந்த டேப் உள்ளே சிக்கினால் வார்ப்பே கழிவு. எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அது நியாயமான முடிவு என்று அன்று சாயங்காலம் பேருந்தில் வரும்போதே தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மாதிரிக் கடுதாசி எனக்கு நெறைய வந்திருக்கு" என்றார்.

கனரகத் தொழிலில் தாளில் எழுதிய எண் ஏன் உயிர்நாடி என்பது பிறகுதான் முழுக்கப் புரிந்தது. அனல்மின் நிலையத்துக் கொதிகலன் தரையில் நிற்பதில்லை. இருபது மாடி உயரத்துக்கும் மேலான இரும்புச் சட்டத்தில் மேலிருந்து தொங்குகிறது. சூடேறும்போது கீழ்நோக்கி நீள்கிறது. அதன் குழாய்கள் ஓரிடத்தில், தாங்கிகள் வேறிடத்தில், சட்டம் துவாக்குடியில் ஏதோ ஒரு கொட்டகையில் என்று தனித்தனியே உருவாகி, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி முதன்முதலாக ஒன்றையொன்று சந்திக்கின்றன. அதைச் செய்த வெல்டர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. அவர்களுக்குள் நடந்த ஒரே பேச்சு அந்தத் தாள்தான்.

அந்த டெஸ்ட்டுக்கு அடுத்த வருடம் துவாக்குடிப் பக்கம் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறி போட முடியாது, தாள் பறக்கும். முழங்கைக்கடியில் கைக்குட்டை வைத்துத்தான் வரைவோம்; வேர்வை ஒரு சொட்டு விழுந்தால் டிரேசிங் தாள் குமிழ்விடும். மைக்கோடு தவறினால் பிளேடின் மூலையால் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து மழுப்பி, மறுபடி கோடு இழுப்போம். நீலப்பிரதியின் காலம் முடிந்து அம்மோனியா பிரிண்ட் வந்திருந்தது. அந்த அறைக்குள் போய்வந்தால் கண் எரியும், சட்டையில் நெடி வீடுவரை வரும். டைட்டில் பிளாக்கில் மூன்று கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்பளித்தவர். பத்து வருடம் முதல் கட்டத்தில் கையெழுத்திட்டேன். பிறகு இரண்டாவது கட்டத்துக்கு வந்தேன். சிவப்புப் பென்சில் வாங்கினேன்.

ஆட்டோகேட் 1982-ன் இறுதியில் வெளிவந்தது. எங்கள் கம்பெனிக்கு வர 1990-களின் பாதி ஆயிற்று. டிரேசர்கள்தான் முதலில் போனார்கள். முத்து முத்தாக மைக்கோடு இழுத்த கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. தேக்குப் போர்டுகளை எடைக்குப் போட்டார்கள். கணினி நல்லது செய்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு திருத்தத்துக்காக முழுத்தாளையும் மறுபடி வரைந்த இரவுகள் எனக்கு மறக்காது. ஆனால் கணினி கேட்ட அளவைத்தான் சொல்கிறது. எந்த அளவைக் கேட்க வேண்டும் என்பது இன்னமும் ஆள் அறிய வேண்டியது.

சென்ற மாதம் தங்கையின் பேத்தி வந்திருந்தாள். டிப்ளமோ முடித்தவள். ஒரு கனரக ஃபேப்ரிகேஷன் ஆலையில் வரைவாளர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட் எல்லாம் பட்டியலாக எழுதி, "சரியா இருக்கா தாத்தா?" என்று போனில் காட்டினாள். நான் சமையலறைக்குப் போய் பழைய தேங்காய் துருவியின் இரும்புத் தாங்கியைக் கழற்றி, வெர்னியரோடு அவள் முன் வைத்தேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வரைந்தாள். முடித்ததும் தாங்கியை எடுத்து அலமாரியில் வைத்து மூடினேன்.

"இப்ப நீதான் டர்னர், கண்ணு."

தாளை எடுத்து ஒவ்வோர் அளவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கைப்பிடி மாட்டும் துளைக்கு வந்ததும் நின்றாள். ஸ்கேலைத் தேடவில்லை. நேராக அலமாரியைத் திறந்து, வெர்னியரின் பின்கம்பியைத் துளைக்குள் விட்டு, "பதினாலு" என்று சொல்லியபடியே எழுதினாள்.